தம்மம்பட்டிக்குத் தனிச் செருப்பு

சௌந்திரம் இறந்த இருபத்திரண்டாம் நாள், காலை பத்தே முக்காலுக்கு, தம்மம்பட்டிப் பண்ணையில் வேலை பார்க்கும் பெருமாயி அங்கிருந்து கூப்பிட்டாள். புதுச்சத்திரத்து வீட்டில் சௌந்திரத்தின் மகள் கிருத்திகா அம்மாவின் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, ஃபாகர் ஓடல. அஞ்சு ஷெட்லயும் ஓடல. கோழி எல்லாம் றெக்கய விரிச்சிக்கிட்டு வாயப் பொளந்து நிக்குது."

"கை சுவிட்ச் போட்டீங்களா அக்கா?"

"ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் போட்டாச்சு. மிச்ச மூணுக்கும் சுவிட்ச் எங்க இருக்குது? துருப்பிடிச்சிப் போச்சுன்னு கழட்டி அனுப்பினது இன்னும் திரும்பல."

"தண்ணி பீச்சுங்க. பக்கத்துல சாக்க நனைச்சுத் தொங்க விடுங்க."

"அத நீ சொல்லித்தான் செய்யணுமாக்கும்? ஒரு கையில ஓசு, ஒரு கையில போனு. நீ அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய எழுப்பு, போ."

ஃபாகர் என்பது ஷெட்டின் கூரைக்கடியில் ஓடும் மெல்லிய குழாய். வெயில் ஏறினால் தண்ணீரைப் பனிபோலத் தூவும். முட்டைக்கோழிக்கு வியர்க்காது. முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் மூச்சிரைக்கும். நாற்பதை நெருங்கினால் விழும். மூன்று நாள் கோடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள் அது. ஈரமும் வெயிலும் சேர்ந்த புழுக்கம் வெறும் வெயிலை விடக் கொடியது. கை சுவிட்ச் இல்லாத மூன்று ஷெட்டில் இருபத்து நான்காயிரம் கோழிகள். தகரக் கூரை. ஒரு மணி நேரத்துக்குள் ஃபாகர் ஓட வேண்டும். இல்லையென்றால் குழிதான் வெட்ட வேண்டும்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா தங்கசாமி நிமிர்ந்து பார்த்தார். "வண்டிய எடுக்கட்டுமா சாமி?"

"போய்ச் சேரவே ஒண்ணரை மணி நேரம் ஆகும்ப்பா. இங்கிருந்துதான் பாக்கணும்."

கிருத்திகா தன் மடிக்கணினியைத் திறந்தாள். பெங்களூரில் அவளுக்கு இதுதான் வேலை. நூற்றுக்கணக்கான கணினிகளில் ஓடும் நிரல்களைக் கவனிப்பது. நிரல்களை டப்பா டப்பாவாகக் கட்டி, எந்த டப்பா எந்தக் கணினியில் ஓட வேண்டும், எது விழுந்தால் எதை எழுப்ப வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி நிரலுக்குக் குபெர்னெட்டஸ் என்று பெயர். அந்த மேஸ்திரியிடம் பேச ஒரு கட்டளைக் கருவி உண்டு. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் மேஸ்திரி பதில் சொல்லும்.

அவள் ஒரு வரி தட்டினாள். தம்மம்பட்டியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைப் பார்த்து ஃபாகரைத் திறக்கும் வேலை எங்கே?

அப்படி எதுவும் இல்லை என்றது மேஸ்திரி.

விழுந்திருந்தால் எழுப்பலாம். நின்றிருந்தால் ஓட்டலாம். இது இல்லவே இல்லை. யாரோ அழித்திருக்கிறார்கள். யார் என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

*

சௌந்திரம் கணினி வேலைக்குப் படித்தவள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு, டைப்ரைட்டிங் லோயர். கல்யாணத்துக்குப் பின் கண்ணுசாமியின் கோழிப்பண்ணையில் மேற்பார்வைக்குச் சேர்ந்தாள். அப்போது பண்ணை ஒன்று. பிறகு ஓமலூர், புதுச்சத்திரம், தம்மம்பட்டி என்று மூன்றானது. மூன்றுக்கும் அவள்தான்.

அவளிடம் யாரும் மீறாத ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு ஷெட்டு வாசலிலும் அந்த ஷெட்டுக்கான ரப்பர் செருப்பு கிடக்கும். வெளிச்செருப்பைக் கழற்றி, மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்து, ஷெட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஒரு ஷெட்டுச் செருப்பு இன்னொரு ஷெட்டுக்குள் நுழையக் கூடாது. பத்து வாரக் குஞ்சுக்கு ஆகாத கிருமி எழுபது வாரக் கோழியோடு சும்மா இருக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு போனால் குஞ்சு சாகும். பண்ணைக்குப் பண்ணை நிறமும் வேறு. ஓமலூருக்கு நீலம், புதுச்சத்திரத்துக்குச் சிவப்பு, தம்மம்பட்டிக்குப் பச்சை.

ஒருமுறை கண்ணுசாமியே ஓமலூர் நீலச் செருப்போடு காரிலிருந்து இறங்கித் தம்மம்பட்டி ஷெட்டுக்குள் போகப் பார்த்தார். சௌந்திரம் வாசலில் குறுக்கே நின்றாள்.

"ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க."

"என்ற பண்ணைக்குள்ள நான் போறதுக்கு உன்ற கிட்ட கேக்கோணுமா சௌந்திரம்?"

"நீங்க போலாமுங்க. செருப்பு போகக் கூடாது. முதலாளி செருப்புல வர்ற சீக்குக்கு அவரு முதலாளின்னு தெரியாதுங்க."

கூட வந்திருந்த தீவனக் கம்பெனி ஆள் சிரித்துவிட்டான். கண்ணுசாமி செருப்பைக் கழற்றினார். அந்தக் கதையைப் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னவரும் அவரேதான்.

நான்கைந்து வருடத்துக்கு முன் ஒரு மதியம், ஃபாகர் திறக்க வேண்டிய ஆள் சாப்பிடப் போயிருந்த அரை மணி நேரத்தில் தம்மம்பட்டியில் ஆயிரத்து முந்நூறு கோழிகள் செத்தன. கண்ணுசாமி ஒரு சின்னக் கம்பெனியைக் கூட்டி வந்தார். அவர்கள் மூன்று பண்ணையிலும் பண்ணைக்கொரு கணினிப் பெட்டி வைத்தார்கள். வெப்பத்தை அளக்கும் கருவி, அதற்குள் நிரல், நிரலை மேய்க்கக் குபெர்னெட்டஸ். கோழி ஷெட்டுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு என்று கிருத்திகா அப்போது போனில் சிரித்தாள். பத்து மாதத்தில் அந்தக் கம்பெனி மூடிக்கொண்டது. போனை எடுக்கவும் ஆளில்லை. பெட்டிகள் மட்டும் இருந்தன.

"நான் பாத்துக்கறனுங்க" என்றாள் சௌந்திரம். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஆயிரத்து முந்நூறையும் குழியில் கொட்டியபோது அவள் கூட இருந்தாள். அதுதான் காரணமாக இருக்கும்.

அவள் கற்றுக்கொண்ட விதம் கிருத்திகாவுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. டைப்ரைட்டிங் கூடத்தில் உட்காருவதுபோல் முதுகு நிமிர்ந்து உட்காருவாள். எதையும் நகலெடுத்து ஒட்ட மாட்டாள். ஒவ்வொரு கட்டளையையும் எழுத்தெழுத்தாகத் தட்டுவாள். தட்டுவதற்கு முன் அதைத் தீவன மூட்டையில் தொங்கும் அட்டையின் பின்புறம் எழுதிக்கொள்வாள். திரையில் பிழை என்று வந்தால் கடைசி எழுத்து வரை படிப்பாள். தெரியாத சொல்லுக்கு அகராதி பார்ப்பாள். கிருத்திகாவின் அலுவலகத்தில் பட்டம் பெற்ற பிள்ளைகள் பிழையின் முதல் வரியைப் பார்த்ததும் எழுந்து அடுத்தவன் மேசைக்குப் போவார்கள்.

"புரியலைன்னா என்னைக் கூப்பிடேம்மா."

"கூப்புடறேன். ஆனா மொதல்ல அது என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டுக் கூப்புடறேன். கோழி கத்துனாலே டாக்டரக் கூப்புடுவாங்களா?"

எட்டு மாதத்தில் அவள் கூப்பிடுவது நின்றுபோனது. ஓமலூர்ப் பெட்டி இடி விழுந்து போனபோது புதியது வாங்கி, அவளே எல்லாவற்றையும் ஏற்றி, மறுநாள் காலையில்தான் மகளுக்குச் சொன்னாள். அதுவும் பேச்சோடு பேச்சாக, இட்லிக்கு ஊறப்போட்டதைச் சொல்வதுபோல.

மூன்று பெட்டிக்கும் வயது வேறு. ஓமலூர் மேஸ்திரி இருபத்தெட்டாம் பதிப்பு. புதுச்சத்திரம் முப்பது. தம்மம்பட்டி மட்டும் முதலில் வைத்த அந்த இருபதாம் பதிப்பு. அதைப் புதிய பதிப்புக்கு ஏற்ற முடியாது. வெப்பமானியோடு பேசும் நிரல் பழைய பதிப்பில் மட்டுமே ஓடியது. அதை எழுதிய கம்பெனி இப்போது இல்லை. ஒருமுறை சௌந்திரம் பெட்டியைப் புதுப்பித்துப் பார்த்தாள். வெப்பமானி ஊமையானது. அன்றைக்கே பழையபடி இறக்கி வைத்தாள்.

போன பொங்கலுக்கு வந்தபோது கிருத்திகா அம்மாவின் கணினியைப் பார்த்தாள். ஒரே கட்டளைக் கருவி, மூன்று பண்ணைக்கு மூன்று. ஒவ்வொன்றும் தனித்தனிப் பதிப்பு.

"ஏம்மா, ஒண்ணு போதாதா? புதுசா ஒண்ணு போட்டா மூணுக்கும் பேசும்."

"எது வரைக்கும் பேசும்?"

"அது... கருவியும் மேஸ்திரியும் ஒரு படி முன்னப் பின்ன இருக்கலாம்னு விதி. ரெண்டு மூணு படின்னாலும் பெரும்பாலும் ஓடும்."

"தம்மம்பட்டி எத்தன படி?"

கிருத்திகா விரல் விட்டு எண்ணினாள். "பதினொண்ணு."

"பதினொரு படி தள்ளி நின்னுட்டு ஒருத்தரு பேசுனா உனக்குக் கேக்குமா?"

"கேக்கற மாதிரிதான் இருக்கும்" என்று கிருத்திகா சிரித்தாள்.

"அதேதான் சாமி பயம். சுத்தமாக் கேக்கலைன்னா நின்னுக்குவேன். கேக்கற மாதிரி இருந்தா செஞ்சுபோடுவேன்."

"நீ ரொம்பத்தான் பாக்கறே."

"உன்ற ஆபீசுல எப்படியோ. என்ற பண்ணைக்கு அதது செருப்பு அததுக்கு."

சித்திரையில், ஓமலூர்ப் பண்ணையில், கால் நனைக்கும் தொட்டியருகே சௌந்திரம் விழுந்தாள். மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். ஐம்பத்தோரு வயது. சேலம் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கிடந்தாள். அவள் காலில் நீலச் செருப்பு இருந்தது. பண்ணைச் செருப்போடு அவள் வெளியே வந்தது அந்த ஒரு முறைதான்.

*

அம்மாவின் போன் பீரோ மேல் இருந்தது. சாவுக்குப் பிறகும் அது பேசியது. மூன்று பண்ணைப் பெட்டிகளும் வெயில் ஏறினால் அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பும். காலை பத்திலிருந்து சாயங்காலம் வரை டிங், டிங் என்று சத்தம். தம்மம்பட்டி மூன்றாம் ஷெட் முப்பத்தைந்து, ஃபாகர் ஓடுகிறது. ஓமலூர் முதல் ஷெட் முப்பத்து நான்கு. கருமாதியன்று சடங்கு நடக்கும்போதும் அடித்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பீரோவைப் பார்த்தார்கள். அப்பா தலையைத் தொங்கப் போட்டிருந்தார்.

கிருத்திகாவால் தாங்க முடியவில்லை. அப்பாவாலும் முடியாது என்று நினைத்தாள். கருமாதி முடிந்து இரண்டு நாள் கழித்து, செய்தி போகும் எண்ணைத் தன் எண்ணாக மாற்ற உட்கார்ந்தாள். ஐந்து நிமிட வேலை. தன் மடிக்கணினியில், தன் கருவியில், முப்பத்தொன்றாம் பதிப்பில் செய்தாள். கண்ணீர் வழிய வழிய, அலுவலகத்தில் செய்கிற சுத்தத்தோடு, புது முறையில் ஒரே கோப்பாக எழுதினாள். நேரத்துக்கு இந்திய நேரம் என்று தனி வரி சேர்த்தாள். பழைய வேலையை அழி, புதிய வேலையை வை. மூன்று பண்ணைக்கும் வரிசையாக ஓட விட்டாள். திரையில் வரிகள் ஓடின. ஓமலூர், சரி. புதுச்சத்திரம், சரி. அதற்குமேல் அவள் பார்க்கவில்லை. மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

தம்மம்பட்டியில் முதல் பாதி மட்டும் நடந்தது. அழி என்ற சொல் பதினொரு படி தாண்டியும் கேட்டது. வை என்ற சொல் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து மூன்று நாள் மழை. ஃபாகருக்கு வேலையே இல்லை. யாருக்கும் தெரியவில்லை.

*

பதினொன்று ஐந்து. கிருத்திகா தன் கோப்பை மறுபடி தம்மம்பட்டிக்கு அனுப்பினாள். இந்த முறை பதிலை முழுக்கப் படித்தாள். நீ சொல்லும் வகையில் இந்தப் பதிப்பில் எதுவும் இல்லை. புதிய கருவிக்கு ஏற்ற புதிய தலைப்பில் அவள் எழுதியிருந்தாள். பழைய மேஸ்திரிக்கு அந்தத் தலைப்பு தெரியாது.

தலைப்பு வரியைப் பழைய முறைக்கு மாற்றினாள். அனுப்பினாள். இந்திய நேரம் என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன என்றது மேஸ்திரி.

அந்த வரியை எடுக்கக் கை போனது. எடுத்தால் ஏற்றுக்கொள்ளும். கை பாதியில் நின்றது. பெட்டியின் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடவில்லை. ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அவள் கோப்பில் காலை ஒன்பது என்றிருந்தது. அந்த ஒரு வரியை எடுத்திருந்தால் பெட்டி எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு, மதியம் இரண்டரைக்கு ஃபாகரைத் திறந்திருக்கும்.

கேக்கற மாதிரி இருந்தா செஞ்சுபோடுவேன்.

அவள் தன் மடிக்கணினியை மூடினாள். எழுந்து போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து அம்மாவின் கணினியை எடுத்து வந்தாள். அது கடவுச்சொல் கேட்டது.

"அப்பா, அம்மா பாஸ்வேர்டு என்னன்னு தெரியுமா?"

தங்கசாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். இருபது வருடம் தீவன லாரி ஓட்டிய முழங்கால். "என்ற வண்டி நம்பரு. எல்லாம் சின்ன எழுத்து. மறக்கவே மறக்காதுன்னு சொன்னா." ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். விற்றுப் பத்து வருடமான லாரி. திறந்தது.

போன் மறுபடி அடித்தது. பெருமாயி.

"நாலாம் ஷெட்ல விழ ஆரம்பிச்சிருச்சு. கூண்டு ஓரமா இருக்கறதெல்லாம் விழுது. என்ன பண்றே நீ?"

"அஞ்சு நிமிசம் அக்கா."

"உங்கம்மா அஞ்சு நிமிசம்னா அஞ்சு நிமிசம். நீ எப்படின்னு எனக்குத் தெரியாது."

"போன வைக்காதீங்க. அப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க."

அம்மாவின் திரையில் மூன்று சாளரங்கள். நீலம், சிவப்பு, பச்சை. கிருத்திகா பொங்கலுக்குப் பார்த்தபோது இது அழகுக்கு என்று நினைத்திருந்தாள். பச்சைக்குள் போனாள். 'செருப்பு' என்று ஒரு கோப்புறை. அதற்குள் இருபதாம் பதிப்புக் கருவி, அதோடு பழைய முறையில் எழுதிய வேலைக் கோப்பு, ஒரு குறிப்பு. வேறெதுவும் இல்லை.

வேறெதையும் கூப்பிடவும் முடியாது. பச்சைச் சாளரத்தில் நின்றுகொண்டு நீலத்தின் கருவியைக் கூப்பிட்டாள். தெரியாது என்றது. அம்மா அப்படி அடைத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு சாளரத்துக்கும் ஒரே வாசல், அங்கே ஒரே செருப்பு. அழுதுகொண்டு வந்தாலும் அவசரமாக வந்தாலும், தப்பான கருவியைக் கையில் எடுக்க வழியே இல்லை.

கிருத்திகாவின் அலுவலகத்தில் போன வருடம் இதே தப்பு நடந்தது. புதிய கருவி, பழைய மேஸ்திரி, பாதி கேட்ட கட்டளை. பதினோரு பேர் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். கிருத்திகாதான் அறிக்கை எழுதினாள். பன்னிரண்டு பக்கம். எல்லாரும் கவனமாக இருக்க வேண்டும் என்று அது முடிந்தது. அம்மா யாரையும் கவனமாக இருக்கச் சொல்லவில்லை. கவனம் சிதறுகிற நாளும் வரும் என்று தெரிந்து கட்டி வைத்திருந்தாள்.

முதலில் பதிப்பைக் கேட்டாள். கருவி இருபது, மேஸ்திரி இருபது. பிறகு அம்மாவின் கோப்பைத் திறந்தாள். நேரம் இருந்த இடத்தில் மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை என்று இருந்தது. ஐந்தரையைக் கையால் கழித்து எழுதியது. நம் காலை எட்டரை, நம் சாயங்காலம் ஐந்தரை. அதற்கு மேல் ஒரு வரிக் குறிப்பு: பெட்டிக் கடிகாரம் சீமைக் கடிகாரம்.

கோப்பை அனுப்பினாள். ஏற்றுக்கொண்டது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த பத்து நிமிடத்துக்குக் காத்திருக்க மனமில்லை. இப்போதே ஒருமுறை ஓடு என்று இன்னொரு கட்டளை. முதுகை நிமிர்த்திக்கொண்டு எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.

போனில் கோழிகளின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பம்பு மோட்டார் உறுமியது. பிறகு ஒரு நீண்ட இரைச்சல்.

"வந்திருச்சு!" பெருமாயி கத்தினாள். "மூணு, நாலு... அஞ்சும் வந்திருச்சு! ஏய், தண்ணி ஓச நிறுத்துடா, என் மேல அடிக்காத! பாப்பா, வந்திருச்சு!"

பதினொன்று முப்பத்தெட்டு.

அதே நேரம் பீரோ மேல் டிங் என்றது.

கிருத்திகா திடுக்கிட்டுத் திரும்பினாள். அம்மாவின் கோப்பு, அம்மாவின் எண். அவள் மாற்றவில்லை. மாற்ற மறந்துபோயிருந்தாள்.

தங்கசாமி ஏற்கெனவே பீரோவருகே நின்றார். போனை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கையை நீட்டிப் படித்தார். "தம்மம்பட்டி மூணாம் ஷெட், முப்பத்தொம்பது. ஃபாகர் ஓடுதாம்." பிறகு மகளைப் பார்த்தார். "மூணு நாளா இது பேசவே இல்ல சாமி. மழையாச்சேன்னு நெனச்சுட்டேன்."

அப்போதுதான் கிருத்திகா கவனித்தாள். இருபத்திரண்டு நாளாக யாரும் பேசாத அந்த போனில் சார்ஜ் முழுக்க இருந்தது.

"நீங்களாப்பா சார்ஜ் போடறீங்க?"

"காலைல எந்திரிச்சதும் போட்டுருவேன். வந்தாப் படிப்பேன்." போனைத் திரும்பப் பீரோ மேல் வைத்தார். "உங்கம்மா சத்தமாப் படிப்பா. எனக்கென்ன தெரியும் முப்பத்தஞ்சா நாப்பதா? ஆனாலும் எனக்குப் படிச்சுக் காட்டுவா."

அவர் தாங்கமாட்டார் என்றுதான் கிருத்திகா அதை நிறுத்தினாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

*

பன்னிரண்டரைக்குக் கண்ணுசாமியைக் கூப்பிட்டாள். ஷெட்டுக்குள் வெப்பம் முப்பத்து நான்குக்கு இறங்கியிருந்தது.

"நான்தானுங்க நிறுத்தினது. நாலு நாளைக்கு முன்னால, அம்மா நம்பர மாத்தறேன்னு, என் கருவியில செஞ்சேன். தம்மம்பட்டிக்கு அது ஆகாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பாக்கல."

"எத்தனை போச்சு?"

"பெருமாயி அக்கா எண்ணிட்டிருக்காங்க. நூத்தி நாப்பது வரைக்கும் சொன்னாங்க."

"ஆயிரத்து முந்நூறு பாத்தவன் நான் கண்ணு." அவர் தொண்டையைச் செருமினார். "உன்ற தப்ப நீயே சொல்லிட்ட. உங்கம்மாளும் அப்படித்தான். என்னையவே வாசல்ல நிறுத்துனவ, தெரியுமா?"

"தெரியுமுங்க. சொல்லியிருக்காங்க."

"எல்லாருகிட்டயும் நான்தான் சொன்னேன். அவ சொல்லி நீ கேட்டிருக்க மாட்டே." அது உண்மை. "சரி, இனி யாரு பாக்கறது?"

"ஆள் கிடைக்கிற வரைக்கும் நானே பாக்கறேனுங்க. அம்மா கணினியிலயே."

போனை வைத்துவிட்டுப் பச்சைச் சாளரத்துக்குத் திரும்பினாள். அந்தக் குறிப்பு இன்னும் திறக்காமல் இருந்தது. நீண்ட குறிப்பு அல்ல. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி. பெரும்பாலும் இன்னது மாற்றினேன், சரி. இன்னது மாற்றினேன், சரி. இரண்டு வருடத்துக்கு முன்னால், பங்குனியில் ஒரு வரி மட்டும் வேறாக இருந்தது.

"ஓமலூர்க் கருவியைத் தம்மம்பட்டிக்குப் போட்டேன். அவசரம். வேலை நின்றுபோனது. இரண்டு மணி நேரம் கவனிக்கவில்லை. பதினோரு கோழி. என் தப்பு. இன்று முதல் தனித்தனி."

அடுத்த வரியின் தேதி மறுநாள். "மூன்று சாளரம், மூன்று நிறம். மாற்றிப் போட்டுப் பார்த்தேன். முடியவில்லை. நல்லது."

பதினோரு கோழி. அந்தப் பங்குனியில் அம்மா வாரம் இரண்டு முறை போனில் பேசினாள். மாங்காய் ஊறுகாய் போட்டது பற்றிச் சொன்னாள். அப்பாவின் முழங்கால் பற்றிச் சொன்னாள். இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நீ ரொம்பத்தான் பாக்கறே என்று கிருத்திகா அப்போதே சொல்லியிருப்பாள்.

பெருமாயி செய்தி அனுப்பினாள். எண்ணி முடித்துவிட்டாள். நூற்று அறுபத்திரண்டு. கீழே இன்னொரு வரி: சாப்டியா பாப்பா.

கிருத்திகா குறிப்பின் கடைசிக்குப் போனாள். கடைசி வரி அம்மா விழுவதற்கு நான்கு நாள் முன்பு எழுதியது. வெப்பமானிக் கம்பி மாற்றினேன், சரி. அதற்குக் கீழே தேதி போட்டாள். தட்டினாள்.

"முப்பத்தொன்றாம் பதிப்புக் கருவியைத் தம்மம்பட்டிக்குப் போட்டேன். பதிலை முழுக்கப் படிக்கவில்லை. மூன்று நாள் கவனிக்கவில்லை. நூற்று அறுபத்திரண்டு கோழி. என் தப்பு. கிருத்திகா."

சேமித்தாள். பிறகு நீலத்துக்குப் போனாள். ஓமலூரின் கருவி, ஓமலூரின் கோப்பு, அம்மாவின் எண். பதிலை முழுக்கப் படித்தாள். பிறகு சிவப்பு. அதையும் படித்தாள். தன் மடிக்கணினியிலிருந்து மூன்று பண்ணைக்கும் போகும் வழிகளை ஒவ்வொன்றாக நீக்கினாள்.

பீரோ மேல் மறுபடி டிங் என்றது. பிறகு இன்னொன்று, உடனே மூன்றாவது. மூன்று பண்ணையும் பேசின. தங்கசாமி நாற்காலியைப் பீரோவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஓமலூர் ரெண்டாம் ஷெட், முப்பத்தஞ்சு" என்று சத்தமாகப் படித்தார். "இது அதிகமா, கம்மியா சாமி?"

"கொஞ்சம் அதிகம்ப்பா. இறங்கிரும்."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்ததைப் படித்தார்.